வெள்ளைக் குச்சிகளும் நீலப் பூவும்: ரஷ்யன் சேஜ் நாட்குறிப்பு

ஏப்ரல் 6
பாத்தியில் மற்றவை எல்லாம் துளிர்த்தாயிற்று. நீலப் பூச்செடியான ரஷ்யன் சேஜ் மட்டும் வெளுத்த குச்சிகளாகவே நிற்கிறது. பட்டுப்போனது என்று பலர் பிடுங்கி எறிவது இந்தச் சமயத்தில்தான். அடித்தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருக்கிறது.

ஏப்ரல் 24
அடியில் சாம்பல் பச்சையாய் மொட்டுகள். இனி கவாத்து செய்யலாம். தரையிலிருந்து 20 செ.மீ. விட்டு, மொட்டுக்குச் சற்று மேலே வெட்டினேன். பூப்பது புதுத் தண்டில்தான், அதனால் தயங்க வேண்டியதில்லை. இலையுதிர்காலத்திலேயே மொட்டையடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பழைய தண்டுகள் இருந்தால் குளிரில் அடிப்பாகத்துக்குக் கொஞ்சம் பாதுகாப்பு. கையெல்லாம் காரமான வாசனை, சோப்பு போட்டும் போகவில்லை.

மே 17
வாங்கிவந்த இரண்டு தொட்டிகளில் ஒன்றில் ‘பெரோவ்ஸ்கியா’, இன்னொன்றில் ‘சால்வியா யாங்கீ’ என்று எழுதியிருக்கிறது. இரண்டும் ரஷ்யன் சேஜின் தாவரவியல் பெயர்கள்தான். பெரோவ்ஸ்கியாவை 2017இல் சால்வியா பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். குட்டை ரகமான ‘லிட்டில் ஸ்பயர்’ பாத்தியின் முன்வரிசைக்கு. ‘ப்ளூ ஸ்பயர்’ 120 செ.மீ. வரை போகும், அது பின்னால்.

இங்கே களிமண். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட மலைச்சரிவுகளில் வளர்ந்த செடிக்கு இது ஆகாது. குளிரைத் தாங்கும், வெயிலைத் தாங்கும்; குளிர்காலத்தில் வேரடியில் தேங்கும் நீரைத்தான் தாங்காது. சல்லிக்கல் கலந்து மண்ணை மேடாக்கி, 75 செ.மீ. இடைவெளியில் நட்டேன். தொழுவுரம் போடவில்லை.

ஜூன் 11
புதுக் கன்றுகளுக்கு மட்டும் மண் காய்ந்ததும் தண்ணீர், அதுவும் இந்த முதல் பருவத்துக்குத்தான். அடிப்பாகம் கட்டையாகிவிடுவதால் இதைப் பிரித்து நடுவது சிரமம். இளந்தண்டுகளை நறுக்கி மணலில் ஊன்றியிருக்கிறேன்.

ஜூலை 22
பூத்துவிட்டது! தேனீக்கள் விடியலிலிருந்தே கும்மாளம். பூ சின்னது, சீக்கிரம் உதிர்ந்தும் விடுகிறது. ஆனால் அதைத் தாங்கும் புல்லிவட்டமும் ஊதா நிறம்தான். அதனால்தான் பாத்தி வாரக்கணக்கில் நிறம் மாறாமல் இருக்கிறது. பக்கத்தில் மஞ்சள் ருட்பெக்கியா இருப்பது நல்ல பொருத்தம்.

ஆகஸ்ட் 13
நேற்று பலத்த மழை. மரநிழலில் இருந்த பழைய செடி நடுவில் பிளந்து படுத்துவிட்டது. முழு வெயிலில் நிற்பவை அசையவில்லை. முட்டுக்குச்சி நட்டுக் கயிறு கட்டினால் பார்க்கச் சகிக்காது. வசந்தத்தில் இடம் மாற்றுவதே சரி. உரம் வைத்தால் நிமிரும் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். உரம் கூடினால் தண்டு இன்னும் நீண்டு தளர்ந்து, இன்னும் சாயும்.

அக்டோபர் 8
பூ ஓய்ந்துவிட்டது. தாய்ச்செடிக்கு ஓரடி தள்ளி வேரிலிருந்து கன்றுகள் கிளம்பியிருக்கின்றன. மண்வெட்டியால் வேரோடு எடுத்துத் தொட்டியில் வைத்தேன். விட்டால் பக்கத்துப் பூச்செடியான எக்கினேசியாவின் இடத்தைப் பிடித்துவிடும். கவாத்துக் கத்தரிக்கோல் ஏப்ரல் வரை கொட்டகையில் இருக்கட்டும்.