நியூ மெக்சிகோ கொடி: பதினாறு கதிர்களும் 3 மில்லிமீட்டரும்

மூன்று வாரமாக நியூ மெக்சிகோ மாநிலக் கொடியைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் துணி, நடுவில் சிவப்புச் சூரியன், அவ்வளவுதான். வட அமெரிக்கக் கொடியியல் கழகம் 2001-இல் அமெரிக்க, கனடிய மாநில, ஆட்சிப்பகுதிக் கொடிகள் 72-ஐ வைத்து நடத்திய கருத்துக்கணிப்பில் முதலிடம் பிடித்தது இதுதான். பார்க்க எளிது, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

முதல் வாரம் சிவப்பு பாப்ளினோடு போனது. சாயம் மஞ்சளில் இறங்கிவிட்டால் எல்லாம் வீண் என்பதால், வெட்டுவதற்கு முன்பே தண்ணீர் தெளியும் வரை அலசினேன். நாலாவது அலசலில்தான் தெளிந்தது.

அப்புறம் அளவு. சட்டத்திலேயே அளவு சொல்லியிருக்கிறார்கள். கொடியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு சூரியன், சூரியனின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நடுவட்டம். என் கொடி 90-க்கு 60 சென்டிமீட்டர். ஆக சூரியன் 30, வட்டம் 10. நாலு பக்கமும் நாலு நாலாகப் பதினாறு கதிர்கள். ஒவ்வொரு கொத்திலும் உள்ளே இருக்கும் இரண்டும் வெளியே இருக்கும் இரண்டைவிட ஐந்தில் ஒரு பங்கு நீளம். உள்கதிர் 10 என்றால் வெளிக்கதிர் 8 என்று வெட்டிவிட்டேன். தப்பு. எட்டோடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் 9.6தான் வரும். சரியான அளவு 8.3. வெறும் 3 மில்லிமீட்டர்தானே என்று துணிமேல் வைத்துப் பார்த்தேன். கொத்தின் ஓரங்கள் சூம்பிப்போய்த் தெரிந்தன. எட்டு கதிர்களையும் மறுபடி வெட்டினேன்.

இந்தச் சூரியன் சியா பூர்வகுடி மக்களுடையது. அவர்களுக்கு நாலு புனிதமான எண். நாலு திசை, நாலு பருவம், விடியல் முதல் இரவு வரை நாளின் நாலு பொழுது, பிள்ளைப் பிராயம் முதல் முதுமை வரை நாலு பருவம். இவை எல்லாவற்றையும் கட்டிச் சேர்ப்பது நடுவட்டம். கதிர்களின் அடியெல்லாம் நடுவட்டத்தின் சிவப்பு வளையத்துக்குக் கீழே போய் அமரும்படி ஊசி குத்தி வைத்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

1915-இல் வந்த பழைய கொடி நீல நிறம். மூலையில் அமெரிக்கக் கொடி, கீழே மாநில முத்திரை. அதை மாற்ற நடந்த போட்டியில் ஹாரி மேரா என்ற மருத்துவர் வென்றார். அவர் தொல்லியல் ஆய்வாளரும்கூட; சியா பானை ஒன்றில் இருந்த சூரியனை எடுத்து வரைந்தார். முதல் கொடியைத் தைத்தவர் அவர் மனைவி. 1925-இல் அது அதிகாரப்பூர்வக் கொடியானது. சிவப்பும் மஞ்சளும் பழைய ஸ்பெயினின் நிறங்கள்.

ஆனால் சியா மக்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. 1990-களில் அவர்கள் மாநில அரசிடம் இழப்பீடு கேட்டார்கள். அது நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன். அவர்கள் பிள்ளை பிறந்த சடங்கில் பயன்படுத்தும் அடையாளம் இது. அதனால் இந்தக் கொடியை விற்கப்போவதில்லை, சட்டை, பை எதிலும் இந்தச் சூரியனைத் தைக்கப்போவதுமில்லை.

இப்போது மூன்று கொத்து தைத்தாயிற்று. கீழ்க் கொத்தும் வளையமும் பாக்கி. வளையத்தை மிஷினில் ஓட்டினால் வளைவில் துணி சுருங்குகிறது, அதைக் கையால்தான் தைக்கப்போகிறேன்.