60 வரைக்கும் அம்மா மலைக்குப் போகத்தான் வேண்டுமா?

இலங்கைத் தேயிலை மலையில் கொழுந்து எடுத்த அம்மாவுக்கு போன வருசம் 55. முழங்கால் விட்டுப்போச்சு, மழையில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்குவதைப் பார்க்கவே பயம், சரி நின்றுவிடட்டும் என்று வீட்டில் முடிவெடுத்தோம். தோட்ட ஒபிசில் கேட்டால், "புதுச் சட்டம் வந்திருக்கு, 60 ஆகாமல் ஈபிஎப்பும் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை, சேர்விஸ் காசும் (பணிக்கொடை) இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் இதை நம்பித்தான் இன்னும் கொழுந்து எடுக்கிறார்கள்.

தொழில் அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் விஷயம் விளங்கியது. 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் 60க்கு முன்னால் வயதைக் காட்டி ஆளை நிறுத்தக்கூடாது என்கிறது (அப்போதே 52ஐத் தாண்டியிருந்தவர்களுக்குக் கணக்கு வேறு). நாமாக விலகுவதை அது தடுக்கவில்லை. வேலையை விட்ட பெண்கள் 50லும் ஆண்கள் 55லும் ஈபிஎப் எடுக்கலாம், அது மாறவே இல்லை.

அப்புறம் பெயர்ப் பிரச்சினை. அடையாள அட்டையில் தாத்தா பெயரும் சேர்ந்திருக்கிறது, ஈபிஎப் அங்கத்துவ அட்டையான பீ கார்டில் அம்மா பெயர் மட்டும், அதுவும் அந்தக் காலத்துக் கிளாக்கர் காதில் விழுந்தபடி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, கிராம சேவகரிடம் ஒரு கடிதம். கைரேகை வைக்கப் போனால், முப்பது வருசம் கொழுந்து கிள்ளிய பெருவிரலில் ரேகையே இல்லை, மெஷின் எடுக்கமாட்டேன் என்கிறது. அங்கிருந்த பிள்ளை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஒருவழியாக எடுத்தாள். ஈபிஎப் காசு அதன்பிறகு பேங்கில் விழுந்தது.

சேர்விஸ் காசுதான் இழுபறி. 1983 பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருசம் முடித்த நாள்சம்பளக்காரருக்கு வருசத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில். அம்மாவின் நாள்சம்பளம் 1350 ரூபாய்க்கு வருசம் 18,900, முப்பது வருசத்துக்கு 5,67,000. வேலை நின்று 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், ஆனால் தோட்டத்தில் தவணை தவணையாகத் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். அம்மா போடவில்லை. தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, விசாரணைக்குக் கூப்பிட்ட பிறகுதான் முழுக்காசும் வந்தது.

அரசாங்க உத்தியோகத்தருக்கு 65 ஆக்கி 2022லேயே திரும்ப 60 ஆக்கினார்கள், ஆனால் ஓய்வுபெற்ற பிறகு அவர்களுக்கு மாதாமாதம் பென்சன் உண்டு. நமக்கு அப்படி மாதப் பென்சன் இல்லை. உடம்பு தாங்கினால் சம்பள உயர்வு வரும் நேரம் பார்த்து நில்லுங்கள், சேர்விஸ் காசும் கூடும். நிற்கும்போது விலகல் கடிதத்தில் ஒரு கொப்பி, பழைய சம்பளத் துண்டுகள், பீ கார்டு மூன்றையும் கையில் வைத்திருங்கள்.