எந்த ஆண்டோடு ஒப்பிடுவது?

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதன்பின் செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் எங்களிடம் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: மீன்பிடிப் படகுகள் எவ்வளவு குறைந்திருக்கின்றன? கேட்டவர்கள் ஒரு சதவீதத்தை எதிர்பார்த்தார்கள். அந்தச் சதவீதம் எங்கிருந்து பிறக்கிறது என்பதிலேயே என் வேலையின் பெரும்பகுதி கழிந்தது.

இரவு வெளிச்சத்தைப் பதியும் விர்ஸ் என்ற கருவி அப்போது சுவோமி என்பிபி, நோவா-20 ஆகிய செயற்கைக்கோள்களில் இருந்தது. அவை நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் நம் தலைக்கு மேலே போகும். படத்தின் ஒரு புள்ளி ஏறக்குறைய 750 மீட்டர். படகின் உருவம் அதில் தெரியாது. கணவாய் பிடிக்க ஏற்றிய விளக்கு தெரியும்.

2020 ஏப்ரல் 8 அன்று பௌர்ணமி. 2019இல் அதே வாரம் அமாவாசையை ஒட்டி வந்தது. நிலவு காயும் இரவில் விளக்கைத் தேடி மீன் அவ்வளவாகக் கூடிவராது, அதனால் பலர் கடலுக்குப் போகமாட்டார்கள். போனவர்களின் விளக்கையும் நிலவொளியில் மின்னும் மேகங்களுக்கிடையே பிரித்தெடுப்பது கடினம். தேதிக்குத் தேதி வைத்துப் பார்த்தால் நோயே இல்லாத கடலிலும் பெரிய சரிவு தெரியும். பிறைக்குப் பிறை ஒப்பிட்டால்தான் கணக்கு நிற்கும். மேகம் மூடிய இரவுகளைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட வேண்டும். பூஜ்ஜியம் என்று எழுதக்கூடாது.

சீனக் கடல்களில் இன்னொரு சிக்கல். வூகான் நகரம் மூடப்பட்டது ஜனவரி 23; சீனப் புத்தாண்டு ஜனவரி 25. புத்தாண்டுக்கு அங்கே ஆண்டுதோறும் படகுகள் கரை திரும்பிவிடும். 2019இல் அந்தப் பண்டிகை பிப்ரவரி 5இல்தான் வந்தது. ஆகவே பண்டிகை நாளைப் பண்டிகை நாளோடு பொருத்தி, அதற்கடுத்த வாரங்களில் படகுகள் வழக்கம்போல் திரும்பப் புறப்பட்டனவா என்று பார்க்க வேண்டும். சரிவைவிட, மீள்வதில் ஏற்பட்ட தாமதமே நம்பத்தகுந்த தடயம் என்பது என் எண்ணம்.

மேகத்தை ஊடுருவும் ரேடார் படத்துக்கு சென்டினல்-1 என்ற செயற்கைக்கோள் இருந்தது. இரும்புக் கப்பல் அதில் பளிச்சென்று விழும். மரப்படகும் ஃபைபர் படகும் அலையோடு அலையாகிவிடும். துறைமுகத்துக்கு சென்டினல்-2 எடுத்த பகல் படம். பக்கவாட்டில் ஒட்டிக் கட்டிய படகுகளை 10 மீட்டர் புள்ளியில் தனித்தனியாக எண்ண முடியாது. படகுகள் மறைத்த நீர்ப்பரப்பை அளந்து, அதை முந்தைய ஆண்டுகளோடு வைத்துப் பார்ப்பதே வழி.

இவ்வளவும் சரியாக வந்த பிறகும் காரணத்தைப் படம் சொல்லாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் சிங்கி இறால் பிடிப்பவர்களைக் கரையில் நிறுத்தியது உள்ளூர் ஊரடங்கு அல்ல. அவர்களுடைய சரக்கில் பெரும்பகுதியை உயிரோடு வாங்கிவந்த சீனச் சந்தை ஜனவரி கடைசியிலேயே மூடிவிட்டது. கடலில் படகு தெரிவதாலேயே எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் ஆகாது. மேற்கு, மத்திய பசிபிக்கில் சுருக்குவலையால் சூரை மீன் பிடிக்கும் கப்பல்களில், பிடிபடுவதைக் கண்காணிக்கும் பார்வையாளர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்ற விதி 2020 ஏப்ரலில் நிறுத்திவைக்கப்பட்டது. கப்பல்கள் தொடர்ந்து ஓடின. பிடிபடுவதை நேரில் பார்த்து எழுதும் ஆள் இல்லை. மேலிருந்து பார்த்தால் அது வழக்கமான ஆண்டு.

எனக்கு மிகவும் மனவருத்தம் தந்தது நாங்கள் தயாரித்த வரைபடத்தின் கரையோரம். உலகின் இயந்திரப் படகுகளில் ஐந்தில் நான்குக்கும் மேல் 12 மீட்டருக்கும் குட்டையானவை. விடியலில் போய் வெயில் ஏறுமுன் திரும்பும் அந்தப் படகுகள் எங்கள் கருவி எதிலும் ஒழுங்காக விழுவதில்லை. வாங்க ஆளில்லாமல் முதலில் அடிபட்டதும் அந்தப் படகுக்காரர்களே. அந்தப் பகுதிக்கு மென்பொருள் தானாக ‘மாற்றமில்லை’ நிறத்தைப் பூசும். அதை மாற்றிச் சாம்பல் நிறமாக்கி, ‘இங்கே எங்களால் பார்க்க முடியவில்லை’ என்று வரைபடத்திலேயே எழுத வேண்டும் என்று வாதாடினேன். அடிக்குறிப்பில் போட்டால் போதும் என்றார்கள். நான் ஒப்பவில்லை, நிவாரணத்தைப் பங்கிடுபவர் பார்ப்பது வரைபடத்தைத்தான்.