மேற்படிக் குறியும் ஜிஜிப் கோப்பும்

கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டில், பர்மாத் தேக்கில் செய்த அலமாரி ஒன்றுக்குள், என் ஐயாவின் (தாத்தாவின்) தகப்பனார் பர்மாவின் மோல்மேன் நகரில் நடத்திய வட்டிக்கடையின் பேரேடுகள் இருக்கின்றன. சில மாதங்களாக அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் காரைக்குடி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு பதிவுக்கு ஒரு வரி என்ற கணக்கில் தட்டச்சு செய்துவருகிறேன். படங்களைப் பல கோப்புகளை ஒன்றாக அடுக்கும் ஜிப் (zip) கோப்பாகவும், எழுத்துப்பிரதியை ஒற்றைக் கோப்பைச் சுருக்கும் ஜிஜிப் (gzip) கோப்பாகவும் வைத்திருக்கிறேன். இரண்டையும் எழுதுவதற்கும் வாசிப்பதற்கும் பைத்தான் நிரல்மொழியைத்தான் பயன்படுத்துகிறேன். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றை, தமிழ் உரையைச் சுருக்கி வைக்க நினைக்கும் மற்றவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

பேரேட்டில் முதலில் என்னைத் தடுத்து நிறுத்தியது ௸ என்னும் குறி. பக்கத்துக்குப் பத்து இடத்திலாவது அது இருந்தது. அப்பச்சியிடம், அதாவது என் தகப்பனாரிடம், காட்டிக் கேட்டேன். "அது மேற்படி, தம்பி. மேலே எழுதினதுதான் இங்கேயும். மேலே பார்த்துப் படி" என்றார். ஒரே ஆளுக்கு, ஒரே ஊரில், ஒரே வட்டிக்குப் பல நடைகள் வரும்போது, பெயரையும் ஊரையும் திரும்பத் திரும்ப எழுதாமல் இருக்கக் கணக்கெழுதுபவர் கையாண்ட வழி அது. ஜிஜிப் கோப்புக்குள் நடப்பதும் பெரும்பாலும் இதுவே. ஆபிரகாம் லெம்பெலும் ஜேக்கப் ஜிவ்வும் 1977இல் வெளியிட்ட முறைப்படி, ஏற்கெனவே வந்துபோன தொடர் ஒன்று மீண்டும் வந்தால், அதை எழுதாமல் "இத்தனை பைட்டு பின்னால் போய், இத்தனை பைட்டு எடுத்துக்கொள்" என்று மட்டும் குறிக்கப்படுகிறது (பைட்டு என்பது கணினி சேமிக்கும் அலகு, 0 முதல் 255 வரையிலான ஓர் எண்). பில் காட்ஸ் பிகேஜிப் என்ற சுருக்கு நிரலுக்காக உருவாக்கிய டிஃப்ளேட் முறை, அடிக்கடி வருபவற்றுக்குக் குறுகிய குறி கொடுக்கும் 1952ஆம் ஆண்டின் ஹஃப்மன் குறிமுறையை இதனுடன் சேர்த்தது. 1992இல் ழான் லூ கைலியும் மார்க் ஆட்லரும் ஜிஜிப்பை வெளியிட்டபோது அந்த டிஃப்ளேட்டையே உள்ளே வைத்தார்கள். இதில் மேற்படி போட வேண்டுமானால், திரும்ப வரும் தொடர் குறைந்தது 3 பைட்டு, அதிகம் போனால் 258 பைட்டு நீளம் இருக்க வேண்டும். பின்னோக்கிப் பார்க்கும் எல்லை 32,768 பைட்டு.

தமிழுக்கு இந்த எண்கள் மிகவும் பொருந்திவருகின்றன. எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு. அவற்றில் முதல் பைட்டு எப்போதும் 224; இரண்டாவது 174 அல்லது 175; மூன்றாவது மட்டுமே எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. 'மேற்படி' என்று எழுதினால் ம, ஏகாரக் குறி, ற, புள்ளி, ப, ட, இகரக் கொக்கி என ஏழு குறியீடுகள், ஆக 21 பைட்டு. ௸ என்ற ஒற்றைக் குறி 3 பைட்டு. தமிழ்க் கோப்பு வட்டில் அதிக இடம் பிடிக்கிறது என்று வருந்துபவர்கள் அதை ஜிஜிப்பில் ஒரு முறை எழுதிப் பார்க்க வேண்டும். அந்தக் கூடுதல் பைட்டுகளில் பெரும்பகுதி திரும்ப வருபவை என்பதால் அவை நன்றாகவே சுருங்கிவிடுகின்றன. ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்ய வேண்டும்: 'கோ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றாலும் சுருக்கும் நிரலுக்கு அவை வேறு வேறு தொடர்கள். ஆகவே உரை முழுவதையும், பிரித்தெழுதியவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே எழுதுகிறேன். சொல் தேடும்போதும் இதனால் பதிவுகள் விட்டுப்போவதில்லை.

வாசிக்கும்போது பலரும் தடுமாறும் இடம் திறக்கும் முறை. சாதாரண ஓப்பன் கட்டளைக்கு முறை எதுவும் சொல்லாவிட்டால் உரையாகத் திறக்கும். பைத்தானின் ஜிஜிப் தொகுதியில் (ஜிஜிப் கோப்புகளைக் கையாளும் ஆயத்த நிரலில்) உள்ள ஓப்பனோ பைட்டுகளாகவே திறக்கும். 'ஆர்' என்று கொடுத்தாலும் பைட்டுதான் வரும். 'ஆர்டி' என்று கொடுத்து, என்கோடிங் யூடிஎஃப்-8 என்பதையும் வெளிப்படையாகச் சொன்னால்தான் தமிழ் வரிகள் வரிகளாகக் கிடைக்கும், எழுதும்போது 'டபிள்யூடி'. இதை அறியாமல் பைட்டுகளை ஆயிரம் ஆயிரமாக வாங்கித் தாமே எழுத்தாக மாற்ற முயல்பவர்களின் நிரல், தமிழ் எழுத்து ஒன்று நடுவில் வெட்டுப்படும் முதல் இடத்திலேயே பிழை சொல்லி நின்றுவிடும். ஆயிரம் மூன்றால் மீதியின்றி வகுபடாது. உரையாகத் திறந்து வரி வரியாகச் சுற்றிவந்தால் எவ்வளவு பெரிய கோப்பும் நினைவகத்தை நிரப்புவதில்லை. ஆனால் திறந்த கோப்பில் பின்னோக்கித் தாவ வேண்டாம்; பின்னால் போகச் சொன்னால் நிரல் தொடக்கத்துக்குத் திரும்பி மறுபடி முதலிலிருந்து விரித்துக்கொண்டு வரும்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜேபெக் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. ஜிப்ஃபைல் தொகுதி, நாம் வேறு சொல்லாதவரை, எதையும் சுருக்காமல் அப்படியே அடுக்கிவைக்கும் என்பது படத்துக்குச் சரி, உரைக்குத் தவறு. உரைக்கோப்பை ஜிப்பில் போடுபவர்கள் டிஃப்ளேட் முறையைக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று, ஜிஜிப் தன் தலைப்பில் எழுதிய நேரத்தையும் பதிந்துவைக்கிறது. ஒரே பேரேட்டை இன்று ஒரு முறையும் நாளை ஒரு முறையும் சுருக்கினால், உள்ளே ஓர் எழுத்துகூட மாறாமலேயே கோப்புகள் இரண்டும் வேறுபடும். கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புத் தொகையை வைத்துப் பிரதிகளை ஒப்பிடுபவர்கள் ஜிஜிப்ஃபைல் வகுப்பில் எம்டைம் என்ற அந்த நேர மதிப்பை 0 ஆக்கிவிடுவது நல்லது.

இனி நான் செய்த பிழை. நாள்தோறும் தட்டச்சு செய்ததை ஒரு சிறு ஜிஜிப் கோப்பாக வைத்திருந்தேன். ருத்ரோத்காரி வருஷத்துப் பேரேடு முடிந்ததும், அந்தச் சிறு கோப்புகளை எல்லாம் ஒன்றாக்கி வருஷக் கோப்பு எழுத ஒரு நிரல் எழுதினேன். அது ஒவ்வொரு நாள் கோப்பையும் வாசித்து, புதிய கோப்பில் எழுதி, எழுதிய கையோடு பழையதை அழித்தது. ஐப்பசி மழையில் மின்சாரம் போனது அந்த நிரல் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்.

ஜிஜிப் கோப்பின் முதல் இரண்டு பைட்டுகள் எப்போதும் 31, 139. ஏட்டின் தலையில் போடும் பிள்ளையார் சுழி மாதிரி. கடைசி எட்டு பைட்டுகள் பக்கத்தின் அடியில் கூட்டிப் போடும் தொகைக்குச் சமம்: நான்கில் சிஆர்சி-32 சரிபார்ப்பு எண், நான்கில் விரித்த உரையின் நீளம். கோப்பை முறையாக மூடும்போதுதான் அந்த அடித்தொகை எழுதப்படும். நிரல் பிழையால் நின்றாலும் கோப்பு மூடப்படுவதற்காகத்தான் வித் என்ற கட்டுக்குள் திறக்கச் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் திறந்திருந்தேன். ஆனால் மின்சாரமே போனால் வித் ஒன்றும் செய்ய முடியாது. மறுபடி கணினியைத் திறந்தபோது சுழி இருந்தது, அடித்தொகை இல்லை. கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் வாசிக்கக் கேட்டேன். முடிவுக்குறி வருமுன் கோப்பு முடிந்துவிட்டது என்ற இஓஎஃப்எரர் மட்டும் வந்தது, ஒரு வரிகூடக் கைக்கு வரவில்லை.

கை கொடுத்தது டிஃப்ளேட்டை நேரடியாக விரிக்கும் ஜெட்லிப் தொகுதி. அதன் டிகம்பிரஸ்ஆப்ஜ் என்ற விரிப்பானை டபிள்யூபிட்ஸ் என்ற அமைப்புக்கு 31 என்ற மதிப்புடன் உருவாக்கினால் ஜிஜிப் தலைப்பைத் தானே படித்துக்கொள்ளும். கோப்பைச் சிறு சிறு துண்டுகளாக அதற்குக் கொடுத்தால், விரிந்த வரைக்கும் உடனுக்குடன் திருப்பித் தரும். முடிவு வரவில்லையே என்று கிடைத்ததையும் பறித்துக்கொள்ளாது. வந்த பைட்டுகளை எழுத்தாக மாற்றும்போது, கடைசி எழுத்து பாதியில் அறுந்திருக்கக்கூடும் என்பதால், பிழையைப் புறக்கணிக்கும்படி சொன்னேன். வருஷக் கோப்பின் பெரும்பகுதி வரி பிசகாமல் வந்தது. வெட்டு விழுந்த இடம் கோப்பின் கடைசியில் என்பதால்தான் அது முடிந்தது. நடுவில் சில பைட்டு கெட்டிருந்தால், அங்கிருந்து பின்னால் வரும் மேற்படிகள் எதைச் சுட்டுகின்றன என்றே தெரியாமல் போயிருக்கும்.

உண்மையில் அந்தக் கோப்புகளை விரித்து மறுபடி சுருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஜிஜிப் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே ஒட்டிவைத்தால், அதுவும் செல்லுபடியாகும் ஜிஜிப் கோப்புதான். பைத்தான் அதை ஒரே உரையாக வாசிக்கும். புதிய பேரேட்டின் முதல் வரியில் ௸ போட முடியாததைப் போல, ஒட்டிய ஒவ்வொரு பகுதியும் தன் கணக்கைப் புதிதாகத் தொடங்குவதால் சுருக்கம் சற்றுக் குறையும். அந்தக் குறைவை நான் மனமார ஏற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரு பகுதி கெட்டாலும் அடுத்த பகுதி தன் சுழியிலிருந்து தனியே விரியும்.

இப்போது வருஷக் கோப்பை முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி மூடுகிறேன். பிறகு அதைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரு முறை வாசிக்கிறேன். சிஆர்சி ஒத்துப்போகிறதா என்பது கடைசி வரை வாசித்தால்தான் தெரியும். அதன்பின் ஓஎஸ் தொகுதியின் ரீப்ளேஸ் கட்டளையால் உரிய பெயருக்கு மாற்றுகிறேன். நாள் கோப்புகளை அழிப்பதை விட்டுவிட்டேன்.

மீட்ட உரை மாசி மாதப் பதிவு ஒன்றில், 'மேற்ப' என்ற இடத்தில் அறுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தானுக்குப் போய், அலமாரியிலிருந்து அந்தப் பேரேட்டை எடுத்து, முகப்புத் திண்ணையில் வைத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே இருந்தது 'மேற்படியார் வரவு'. அப்பச்சி வரி வரியாக வாசித்துச் சொல்ல, அந்த வரியிலிருந்து மறுபடி தட்டச்சு செய்தேன்.