கிளீனர் சீட்டு

சாயங்காலம் அஞ்சரை மணி ஆனா நாமக்கல் பைபாஸ் ஓரமா இருக்கற புளியமரத்தடிக்கு நாங்க அஞ்சு பேரும் வந்துருவோம், யாரும் யாருக்கும் போன் பண்றது கிடையாது, யாராச்சும் வரலைன்னாதான் போன். அஞ்சு பேருமே ஒரே டிரான்ஸ்போர்ட்ல லாரி ஓட்டுனவங்க. அந்தக் கம்பெனி இப்ப இல்ல, ஷெட் இருந்த எடத்துல கல்யாண மண்டபம் வந்துருச்சு, ஆனா எங்க பேச்சு மட்டும் இன்னும் அந்த ஷெட்டுக்குள்ளயேதான் இருக்கு.

கொஞ்ச நாளா நான் ஒண்ணு கவனிக்கிறேன். பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் சரி, பம்பாய்க்குள்ள வர்ற சரக்குக்கு வரி வாங்குன ஆக்ட்ராய் நாக்காவுல நின்னதா இருக்கட்டும், கேரளா பார்டர்ல வாளையார் செக்போஸ்ட் க்யூவுல ரெண்டு நாள் கெடந்ததா இருக்கட்டும், சுத்திச் சுத்தி அது வந்து நிக்கறது ஒரே எடத்துலதான், யாரு யாருகிட்ட கிளீனரா இருந்தாங்க, அவரு என்ன சொல்லிக் குடுத்தாரு. 30 வருசம் ஸ்டீயரிங் புடிச்சவங்க நாங்க, ஆனா இடது பக்க சீட்டுல உக்காந்திருந்த அந்த மூணு நாலு வருசத்தப் பத்திதான் ஜாஸ்தி பேசறோம். இப்ப பைபாஸ்ல போற வண்டியப் பாருங்க, பாதி வண்டிக்கு மேல அந்த சீட்டு காலியாத்தான் போகுது. எனக்கு அதப் பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது, அதான் இத எழுதறேன்.

நான் சேந்தது 1984ல. அப்ப நாமக்கல் தனி மாவட்டம் கிடையாது, சேலம் மாவட்டம், 1997லதான் பிரிச்சாங்க. கம்பெனில 14 வண்டி, முக்கால்வாசி டாடா 1210, ரெண்டு மூணு லேலண்ட் காமெட். எட்டாவதோட படிப்ப நிறுத்திட்டு வந்த பையன், கிளீனர் வேலைன்னா வண்டியக் கழுவறதுன்னு நெனச்சுக்கிட்டுதான் போனேன். என்னைய சேத்துவிட்ட டிரைவர் அண்ணன் மொத நாளே ஒரு டயர் லீவர, டயர் கழட்டற இரும்புக் கம்பிய, கையில குடுத்து, "டேய் தம்பி, எல்லா டயரையும் ஒரு தட்டு தட்டிட்டு வா"ன்னாரு. தட்டிட்டு வந்தேன். "எது சரியில்ல?"ன்னாரு. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு. மறுபடி தட்டச் சொன்னாரு, மறுபடி, நாலாவது தடவ தட்டுறப்பதான் பின்னாடி வலது பக்கம் உள் டயர் மட்டும் சத்தம் செத்த மாதிரி இருந்துச்சு. மத்ததெல்லாம் டங்குன்னு கையத் தூக்கிவிட்டுச்சு, அது மட்டும் தொப்புன்னு லீவர வாங்கிக்கிச்சு. ரெட்டை டயர்ல உள்ள இருக்கறது காத்து எறங்குனா வெளிய இருந்து பாத்தா தெரியவே தெரியாது, வெளி டயர் தூக்கிப் புடிச்சுக்கும், லோடு பூரா அந்த ஒத்த டயர் மேல போயி கடைசில ரெண்டும் போயிரும். அத கண்ணால பாக்க முடியாது, காதாலதான் பாக்கணும். அன்னைக்கு ஆரம்பிச்சதுதான், வண்டி எங்க நின்னாலும், டீ குடிக்க நின்னாலும், நான் இறங்குனதும் மொத வேலை ஒரு சுத்து தட்டிட்டு வர்றது.

எங்களுக்கு முக்கியமான லோடு ஜவ்வரிசி. சேலத்துல இருந்து பம்பாய்க்கு, சில சமயம் குஜராத்துக்கு. ஓசூர், பெங்களூர், தும்கூர், ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சதாரா, பூனான்னு போகும், பெங்களூர்ல இருந்து பழைய என்.எச்.4. பம்பாய் போய்ச் சேர 1200 கிலோமீட்டர் பக்கம் வரும், ஒத்த ரோடு, எதுக்க வர்ற வண்டிக்கு எறங்கி வழி விட்டு எறங்கி வழி விட்டுப் போகணும், ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் ஓடுனா அன்னைக்கு நல்ல ஓட்டம். ஜவ்வரிசில ஒரு சொட்டுத் தண்ணி பட்டா மூட்டையே கட்டி ஆயிரும், பார்ட்டி அந்த மூட்டைக்குக் காசப் புடிச்சுருவாங்க. அதனால மழைக்காலத்துல தார்ப்பாய் கட்டுறதுதான் பெரிய பரீட்ச. ரெண்டு தார்ப்பாய் போடறப்ப பின்னாடி பாய மொதல்ல விரிச்சு, முன்னாடி பாயோட ஓரம் அதுக்கு மேல வர்ற மாதிரி போடணும், மாத்திப் போட்டா ஓடுற ஓட்டத்துல காத்து உள்ள பூந்து பாயத் தூக்கி மழைய உள்ள விட்டுரும். நடுவுல குழி விழாம மூட்டைய அடுக்கணும், குழி இருந்தா அங்க தண்ணி தேங்கும். கயித்த கொக்கியில மாட்டி கால சைடு பலகையில உதச்சு உடம்பச் சாச்சு இழுக்கணும், கை மட்டும் வச்சு இழுத்தா 50 கிலோமீட்டர்ல தளந்துரும். இதெல்லாம் யாரும் எழுதி வச்சுச் சொல்லிக் குடுக்கல, அண்ணன் ஒரு தடவ செஞ்சு காட்டுவாரு, அடுத்த தடவ நான் கட்டணும், அவரு கயித்துல ஒரு தட்டு தட்டிப் பாப்பாரு, தளதளன்னு இருந்தா ஒண்ணும் பேசாம அவுத்து விட்டுட்டுப் போயிருவாரு, நான் திரும்பக் கட்டணும். கையெல்லாம் தோல் உரிஞ்சு போயிருக்கும், ஆனா நான் கட்டுன லோடு நனஞ்சதா யாரும் சொன்னது கிடையாது, இன்னைக்கும் அதச் சொல்றப்ப எனக்கு நெஞ்சு நிமிருது.

அப்பறம் இடது பக்கம். அந்த பழைய வண்டியில பவர் ஸ்டீயரிங் கிடையாது, கண்ணாடியில இடது பக்கம் பாதிதான் தெரியும், டிரைவரோட இடது கண்ணு கிளீனர்தான். தலைய வெளிய நீட்டி "வரலாம் வரலாம்"னு சொல்லிக்கிட்டே வரணும், கதவுல ஒரு தட்டுன்னா நில்லு, ரெண்டு தட்டுன்னா போ. பூனா தாண்டி கண்டாலா மலையில மழையும் மூடுபனியுமா இருக்கறப்ப ரோட்டு ஓரக் கோடே தெரியாது, நான் இடது பக்கம் தொங்கிக்கிட்டு டார்ச் அடிச்சு ஓரத்தப் பாத்துச் சொல்ல, என் வாய நம்பி அண்ணன் வண்டிய நகத்துவாரு. 10 டன் லோடும் ஒரு மனுசனோட உசுரும் பதினாறு வயசுப் பையனோட வார்த்தையில ஓடுச்சுன்னு இப்ப நெனச்சாலும் சிலிர்க்குது.

ஒரு தடவ நாசிக்ல இருந்து திண்டுக்கல் மண்டிக்கு வெங்காய லோடு ஏத்திக்கிட்டு வந்தோம். வெங்காயம்னா அவசர லோடு, லேட்டானா அழுகும். தர்மபுரி தாண்டி டீக்கு நின்னப்ப ராத்திரி ஒரு மணி இருக்கும், நான் வழக்கம் போல ஒரு சுத்து வந்தேன், டயர் எல்லாம் சரி, அப்பறம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற ஹப்புல பொறங்கைய வச்சுப் பாத்தேன், பின்னாடி இடது பக்க ஹப்புல கை வைக்கவே முடியல, கிரீஸ் கருகுன வாட வேற. அண்ணன்கிட்ட சொன்னேன். அவரு டீ கிளாஸ அப்படியே வச்சுட்டு வந்து தொட்டுப் பாத்தாரு, ஒரு வார்த்த பேசல, ஜாக்கிய எடுடான்னாரு. கழட்டுனா பேரிங் நொறுங்கிப் போயிருக்கு. அடுத்து எறங்க வேண்டியது தொப்பூர் கணவாய், அந்த எறக்கம் எப்படின்னு இந்தப் பக்கம் ஓட்டுனவங்களுக்குத் தெரியும், அதுல எத்தன வண்டி போயிருக்கு. காலையில பட்டறை தொறந்து பேரிங் வாங்கி மாட்டிக் கெளம்பறதுக்கு பதினோரு மணி ஆயிருச்சு, வெங்காயம் மண்டி ஏலத்துக்குப் போய்ச் சேரல. கம்பெனில லேட்டுன்னு சொல்லி எங்க ரெண்டு பேருக்கும் அந்த டிரிப்போட பேட்டாவ, டிரிப்புக்குக் குடுக்கற படிக்காச, புடிச்சுட்டாங்க. பேரிங் பில்லக் காட்டியும் கேக்கல. அண்ணன் கணக்கு சொல்ற எடத்துல நின்னு, "பையன் கைய வைக்கலைன்னா வண்டியும் வந்திருக்காது நாங்களும் வந்திருக்க மாட்டோம்"னு மட்டும் சொல்லிட்டு வெளிய வந்துட்டாரு.

அடுத்த டிரிப்புல ராசிபுரம் தாண்டி, காலங்காத்தால ரோடு காலியா இருந்தப்ப, வண்டிய ஓரங்கட்டிட்டு இந்தப் பக்கம் வந்து உக்காருன்னாரு. லைசென்ஸ் கிடையாது, வயசும் பத்தாது, சட்டப்படி அது தப்புதான், ஆனா எங்க அஞ்சு பேருல ஒருத்தர் கூட வேற வழியில கத்துக்கல. டபுள் கிளட்ச் போடாம, அதாவது கிளட்ச ரெண்டு தடவ மிதிக்காம, கியர மாத்துனேன், கியர் பாக்ஸ் கரகரன்னு கத்துச்சு, அவரு என் கை மேல கைய வச்சு, "சத்தத்தக் கேளுடா, இஞ்சினே சொல்லும் எப்ப மாத்தணும்னு"ன்னாரு. நாலஞ்சு கிலோமீட்டர்தான் ஓட்டியிருப்பேன். அவரு இடது பக்கம் கிளீனர் சீட்டுல உக்காந்துக்கிட்டு தலைய வெளிய நீட்டி எனக்கு வரலாம் வரலாம்னு சொன்னாரு பாருங்க, அது இன்னும் காதுல இருக்கு. அவரு போயி 12 வருசம் ஆச்சு.

கம்பெனியப் பத்தி எல்லாமே நல்லதா சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலைன்னு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லயே வந்துருச்சு, நாங்க அப்படி ஒரு சட்டம் இருக்குன்னு கேள்விப்பட்டதே கம்பெனிய மூடுனதுக்கு அப்பறம். அந்தக் கம்பெனில மட்டும் 17 வருசம் ஓட்டுனேன், பி.எப். கிடையாது, கிராஜுட்டி கிடையாது, வண்டிகள வித்துட்டு ஆளுக்குக் கொஞ்சம் காசக் குடுத்து அனுப்பிச்சாங்க. அந்த வருத்தம் அஞ்சு பேருக்குமே இருக்கு, இன்னும் ஆறல. 2025 அக்டோபர்ல இருந்து புதுசா வர்ற லாரிக்கெல்லாம் கேபின்ல ஏ.சி. கட்டாயம்னு கொண்டு வந்திருக்காங்க. எங்க காலத்துல இஞ்சின் சூடு கால்ல அடிச்சு அடிச்சு பாதத்துல கொப்புளமே வந்துரும், நாங்க பட்டது இந்தப் பசங்க பட வேண்டாம், அந்தச் செய்திய படிச்சன்னைக்கு எங்களுக்கு அவ்வளவு சந்தோசம்.

கிளீனர் ஏன் இல்லாமப் போனான்னு எங்களுக்குள்ள பேசுவோம். நாலு வழி ரோடு வந்துருச்சு, டியூப்லெஸ் டயர் வந்து பஞ்சர் கொறஞ்சுபோச்சு, 2017ல ஜி.எஸ்.டி. வந்ததும் வரி செக்போஸ்ட்டும் ஆக்ட்ராயும் போச்சு, டோல்கேட்ல பாஸ்டேக், அதனால காகிதத்த எடுத்துக்கிட்டு ஓடறதுக்கு ஆள் வேண்டாம். டீசல் விக்கற வெலையில ரெண்டாவது ஆளுக்கு பேட்டா குடுக்க வண்டிக்காரருக்கும் கட்டுபடியாகல, அவங்கள மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்ல. இன்னொண்ணு, எட்டாவது பாஸ் பண்ணாதவனுக்கு லாரி ஓட்ட லைசென்ஸ் இல்லைன்னு ரொம்ப நாள் வச்சிருந்தாங்க, கிளீனரா வர்ற பையன் பாதிப் பேரு அதத் தாண்டாதவன், எத்தன வருசம் இருந்தாலும் டிரைவர் ஆக முடியாதுன்னா அவன் ஏன் வர்றான்? 2019ல அந்த ரூல எடுத்தாங்க, அதுக்குள்ள அந்த வரிசையே அறுந்துபோச்சு. படிச்சு வேற வேலைக்குப் போன பசங்க நல்லா இருக்கட்டும், எம் பையனையும் நான் வண்டிக்கு விடல. ஆனா இப்ப ஓட்ட வர்றவன் யாருகிட்ட கத்துக்கறான்? இடது பக்கம் ஆள் இல்லாம, பேச்சுத் தொணைக்கு ஆள் இல்லாம, தூக்கம் வந்தா தோளத் தட்ட ஆள் இல்லாம ராத்திரி பூரா ஒத்தையில போறான். டிரைவர் கெடைக்க மாட்டேங்குறாங்கன்னு வண்டிக்காரங்க பொலம்புறாங்க, டிரைவர் வெளையற எடமே அந்த சீட்டுதான, அத எடுத்துட்டு எங்க தேடறது?

போன வாரம் நாங்க உக்காந்திருக்கறப்ப 12 சக்கர வண்டி ஒண்ணு வந்து நின்னுச்சு, கர்நாடகா பக்கம் இருந்து மக்காச்சோளம், எதுத்தாப்பல கோழித்தீவன குடோன் சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுக்கணும். 23, 24 வயசு இருக்கும் பையனுக்கு, ஒத்தையில வந்திருக்கான், கொஞ்சம் எடுப்பான், நிறுத்துவான், எறங்கி வந்து பாப்பான், திரும்ப ஏறுவான். எங்கள்ல மூத்தவரு, 71 வயசு, முட்டி ஆபரேசன் பண்ணவரு, நாங்க சொல்லச் சொல்ல கேக்காம எந்திரிச்சுப் போயி இடது பக்கம் நின்னுக்கிட்டு, "வரலாம் வரலாம், வலது ஒடி, போதும், வரலாம்"னு கொரல் குடுத்தாரு, ஒரே மூச்சுல வண்டி உள்ள போயிருச்சு, கதவுல ஒரு தட்டு, நின்னுச்சு. பையன் எறங்கி வந்து ரொம்ப தேங்ஸ்ங்க ஐயான்னு கையெடுத்துக் கும்புட்டான். பெரியவரு அதக் காதுலயே வாங்கல, கையில இருந்த ஊனுகோல வச்சு பின்னாடி டயரு ஒவ்வொண்ணா தட்டிக்கிட்டே போயி ஒரு எடத்துல நின்னுட்டாரு. திரும்பவும் தட்டுனாரு. "ஏப்பா, இங்க வா, இந்தக் கம்பப் புடி, நீ தட்டு"ன்னாரு. பையன் தட்டுனான். "இப்ப பக்கத்துல இருக்கறதத் தட்டு." தட்டுனான், குனிஞ்சு காத கிட்ட கொண்டு போயி மறுபடி ஒரு தடவ அவனே தட்டுனான்.