கொட்டாஞ்சேனையில் எட்டாவது பொன்னாடை

மட்டக்களப்பு இரவு ரெயிலில் சாயவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் வந்து, காலையில் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கியபோது கழுத்து ஒரு பக்கம் திரும்பவில்லை. அந்தக் கழுத்தோடுதான் பின்னேரம் வெள்ளவத்தைப் பெரியம்மா வீட்டிலிருந்து புறப்பட்டேன். 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை, அங்கிருந்து ஓட்டோ. பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல்லைக் கண்டதும் இறங்கி, விசாரித்து விசாரித்து ஓர் ஒழுங்கைக்குள் நுழைந்தேன்.

அந்த ஒழுங்கைச் சனம் அதை 'தியேட்டர்' என்கிறது. உண்மையில் அது ஒரு மண்டபம். அறுபது பிளாஸ்டிக் கதிரைகள், இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி, ஒரு புரொஜெக்டர். மாதத்தில் ஒரு ஞாயிறு பழைய படம் போடுவார்களாம். அன்று படத்துக்கு முன்னால், இந்த மண்ணின் கலைஞர்கள் நால்வருக்குக் கௌரவிப்பு.

உள்ளே போகும் வழியில் சுவர் நிறையப் படங்கள். முதலில் எம்.ஜி.ஆர். கண்டியில் பிறந்தவர் என்ற உரிமையில் அவருக்கு மட்டும் மல்லிகை மாலை, மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக். இணுவிலிலிருந்து போய் 1941இல் 'வனமோகினி'யில் காட்டுப் பெண்ணாக வந்த கே. தவமணி தேவி, காலியில் பிறந்த சுஜாதா, சிலோன் மனோகர். மனோகரைக் கண்டதும் என் பின்னால் நின்ற ஒருவர் மெதுவாக 'சுராங்கனி'யைத் தொடங்கிவிட்டார். கடைசியில் பாலு மகேந்திரா. அவர் பிறந்த அமிர்தகழி எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போகும்போதெல்லாம் அப்பா சொல்லிக் காட்டுவார். கொழும்பில் அந்த முகத்தைப் பார்த்தபோது ஊர்க்காரர் ஒருவரைச் சந்தையில் கண்ட மாதிரி இருந்தது.

நான் கூடுதல் நேரம் நின்றது ருக்மணி தேவியின் முன்னால். றம்பொடையில் பிறந்த டெய்சி ராசம்மா டானியல்ஸ். 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ'வின் நாயகி அவர். படத்தைத் தயாரித்த எஸ்.எம். நாயகமும் தமிழர், படம்பிடித்த ஸ்டூடியோ மதுரையில். பக்கத்தில் நின்ற சிறுவன் "இவ ஆரப்பா?" என்று கேட்டான். "சிங்கள நடிகை" என்றார் தகப்பன். முழுக்கப் பிழை என்றும் சொல்ல முடியாது. சிங்களவர்கள் அவரை அப்படிக் கொண்டாடினார்கள், நாங்கள் எங்கள் கணக்கில் எழுதவே இல்லை.

நாலு மணி விழா ஐந்தேகாலுக்குத் தொடங்கியது. தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, பிறகு அந்தச் சிறப்புரையைப் பாராட்டி ஓர் உரை. கௌரவம் பெற வந்த நாலு பேரும் மின்விசிறி எட்டாத மூலையில் ஒன்றரை மணித்தியாலம் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பேசியவர்களில் ஒருவராவது அவர்கள் நடித்த ஒரு காட்சியைச் சொல்லவில்லை.

கடைசியாக மைக் ஒரு மூதாட்டியிடம் போனது. வெள்ளைச் சேலை, தடித்த கண்ணாடி, எனக்குத் தெரியாத முகம். "வணக்கம் பிள்ளையள்" என்றார். அவ்வளவுதான், பின்வரிசையில் ஒரு பெரியவர் "அட, இது எங்கட மாமியெல்லே!" என்று எழும்பிவிட்டார். மண்டபம் முழுக்கக் கைதட்டல். எங்கள் ஆட்கள் கலைஞர்களைக் காதால் அறிந்தவர்கள். இலங்கை வானொலி நாடகத்தின் குரலுக்கு ஆளாளுக்கு ஒரு முகம் கற்பித்து வைத்திருந்தார்கள். 'கோமாளிகளின் கும்மாளம்' வானொலியில் அடைந்த பேர்தானே 1976இல் 'கோமாளிகள்' என்று திரைக்கு வந்தது! அதில் வரும் மரிக்கார், அப்புக்குட்டி என்ற பாத்திரங்களைப் பார்க்கப் போன சனம், ஏற்கெனவே அவர்களோடு பழகியிருந்தது.

"ரெண்டு மூண்டு படத்திலயும் தலை காட்டினனான்" என்றார் அந்த அம்மா. "ஒண்டை ஒருக்காத்தான் பாத்தனான். திரும்பப் பாப்பமெண்டால் படமில்லை."

1963இன் 'தோட்டக்காரி' தொடங்கி எண்பதுகளின் தொடக்கம் வரை இங்கே எடுத்த தமிழ்ப் படங்கள் முப்பதைக்கூடத் தொடவில்லை. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் எரிந்தன. இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. படம் இல்லாத குறைக்கு, அந்தக் காட்சியையே நடித்துக் காட்டத் தொடங்கினார். மருமகளின் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு முகம் சுளிக்கும் மாமியார். கோப்பைக்குப் பதிலாகக் கையில் மைக். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்று நிமிடம் ஆகியிருக்காது, அறிவிப்பாளர் ஒரு துண்டை நீட்டினார். அதை வாங்கி, கண்ணாடியை ஏற்றி, "நேரம் முடிஞ்சுதாம்" என்று மாமியார் குரலிலேயே வாசித்தார். அன்றைய பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

பிறகு 'பொன்மணி'யிலிருந்து கொஞ்சம் போட்டார்கள். தர்மசேன பத்திராஜ 1977இல் யாழ்ப்பாணத்தில் எடுத்தது. சிங்கள இயக்குநர் ஒருவர் எங்கள் சாதியையும் சீதனத்தையும் அவ்வளவு நிதானமாகப் பார்த்திருக்கிறார். ஒலி கரகரத்தது, ஆனாலும் ஒருவரும் எழும்பவில்லை. ரோல்ஸும் நெஸ்டமோல்ட்டும் வந்த பிறகுதான் கதிரைகள் கலைந்தன.

வெளியே மழை தூறியது. அந்த அம்மாவும் வெள்ளவத்தைதான் என்பதால் ஓட்டோவை நான் மறித்தேன். விலை பேசியது அவர், அதுவும் சிங்களத்தில், முந்நூறு ரூபாய் குறைத்து.

"தம்பி எவடம்?"

"மட்டக்களப்பு அம்மா."

"இதுக்கெண்டே வந்தனீரோ? வேற வேலை இல்லையோ உமக்கு?"

புறக்கோட்டை நெரிசலில் ஓட்டோ நின்றபோது பொன்னாடையை மடியில் விரித்துத் தடவிப் பார்த்தார்.

"இது எட்டாவது. போனமுறை தந்ததுக்கு இது பரவாயில்லை, கரை நல்லா இருக்கு. பேத்தியின்ர யன்னலுக்கு இன்னும் ரெண்டு வேணும்."