கிரேடிங்குக்கு முன்னால் யார் கையிலும் கொடுக்காதீர்கள்

பழைய நாணயங்களை கிரேடிங் செய்து வாங்கி, அதாவது அதற்கென உள்ள நிறுவனத்துக்கு அனுப்பித் தரத்தைக் குறித்து வாங்கி, விற்றும் முடித்தாயிற்று. நிம்மதிதான். ஆனால் ஒரு வெள்ளி நாணயத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மதிப்பு கேட்க முதலில் ஒரு வியாபாரியிடம் போனேன். இயல்பாகக் கருமை படர்ந்த நாணயம் அது. சேகரிப்பாளர்கள் விரும்புவதே அந்தக் கருமையைத்தான். நான் வாய் திறப்பதற்குள் துணியால் பரபரவென்று தேய்த்துவிட்டு, "இப்பப் பாருங்க, எழுத்து நல்லாத் தெரியுது" என்றார். சொன்ன விலையோ வெறும் வெள்ளியின் எடைக்கு!

கிரேடிங்கில் 1949இல் நாணய ஆய்வாளர் ஷெல்டன் வகுத்த முறையை ஒட்டி 1 முதல் 70 வரை எண் தருகிறார்கள். 60 அல்லது அதற்கு மேல் என்றால் புழக்கத்தில் தேயாத நாணயம். என்னுடையதற்கு எண்ணே தரவில்லை. 'கிளீன்டு' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் முடி போன்ற கீறல்கள் வரிவரியாகத் தெரிகின்றன. தேய்த்ததைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. யாரிடம் காட்டுவதாக இருந்தாலும் இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் முதலில் படம் எடுத்துவிடுங்கள். நாணயத்தை உறையோடுதான் காட்ட வேண்டும். அந்த உறையும் பிவிசி பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது, நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறிவிடும்.

அனுப்புவதில் சிக்கல் இல்லை. படிவத்தில்தான் வந்தது. இன்னொரு நாணயத்தில், எந்த அக்கசாலையில் அச்சானது என்று காட்டும் அக்கசாலைக் குறி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை விழுந்திருந்தது. தொலைபேசியில் கேட்டபோது, அதையெல்லாம் கிரேடிங் செய்பவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார் அந்த நிறுவனத்தின் ஓர் ஊழியர். நாணயத்தோடு திரும்பி வந்த லேபிளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்படி அச்சில் வித்தியாசப்பட்ட 'வெரைட்டி'யைக் குறிப்பிடத் தனிக் கட்டணமாம்! மறுபடி அனுப்பி, போக வர இன்சூரன்ஸும் கட்டி, சரியான லேபிளை வாங்கினேன். படிவத்தில் வெரைட்டிக்கான இடம் இருந்தால் காலியாக விடாதீர்கள்.

அப்புறம் விலை. விற்பவர்கள் கேட்கும் தொகையை நம்பாமல், அதே வெரைட்டி, அதே கிரேடில் ஏலத்தில் உண்மையாகவே விற்ற தொகைகளைத் தேடிப் பார்த்தேன். அந்த வியாபாரி சாதாரண நாணயம் என்று ஒதுக்கிய, குறி இரண்டு முறை விழுந்த இந்த நாணயம்தான் கடைசியில் ஏலத்தில் நல்ல விலைக்குப் போனது. கிரேடிங் கட்டணம், தபால் எல்லாம் கழித்தும் கையில் கணிசமாக நின்றது. தேய்த்த நாணயத்தை மட்டும், 'கிளீன்டு' என்று சொல்லியே குறைந்த விலைக்குக் கொடுத்தேன்.